கதிர்காமநாதனின் ஆறாவது விதி

பாகான் டாலாம், பட்டர்வொர்த்
12 ஜனவரி 1986

அன்புள்ள கதிர்காமநாதனுக்கு,

ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்களும் வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் இறங்கிவிட்டன. சொன்னவர் சுங்கத்தில் இருக்கும் என் பழைய நண்பர். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் எங்கள் சங்கத்தின் தலைவர் இன்னும் அறிவிக்கவில்லை. செயலாளரான எனக்கு அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கம் அது.

எனக்கு இருமலைத் தவிர வேறு குறையில்லை. உன் அக்கா ஞானாம்பிகை நலமாக இருப்பதாகச் சொன்னாள். நீ அங்கே குளிரில் காதை மூடாமல் திரிவாய் என்றும் சொன்னாள்.

இயந்திரங்களோடு சண்டையும் வந்து இறங்கிவிட்டது. சிறுநீரகம் நின்றுபோனவர்களில் இருபது பேருக்கு இவற்றில் வாரம் மூன்று தடவை இரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். மனு கொடுப்பவர்கள் அறுபதைத் தாண்டிவிடுவார்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை. முதல் கூட்டத்திலேயே ஒருவர் தன் டிரைவருக்கு இடம் கேட்டார். இன்னொருவர் கோயில் தலைவரின் மருமகனுக்குக் கேட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை காமாரியா தன் தங்கை மகனுக்குக் கேட்டார். இந்தத் தீவில் எல்லாரும் யாருக்காவது மச்சான்.

சுகாதாரத் துறை உன்னை அனுப்பியிருப்பது இதைப் படிக்கத்தானே? போதாத சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது என்று கணக்கிடுவதுதான் சுகாதாரப் பொருளாதாரம் என்று விமான நிலையத்தில் எனக்கு விளக்கினாய். எங்களுக்கு ஒரு முறை வகுத்துக் கொடு. குழு பிப்ரவரி முதல் வாரத்தில் கூடுகிறது. அதற்குள் உன் பதில் வர வேண்டும்.

சித்தப்பா விநாசித்தம்பி


இங்கிலாந்து
23 ஜனவரி 1986

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

காதை மூடித்தான் இருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். உங்கள் இருமலுக்குச் சுருட்டை விடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் என் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற மாணவர்கள் புத்தகத்தில் இருக்கும் நோயாளிகளை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு உண்மையான நோயாளிகள், உண்மையான இயந்திரங்கள். இதையே என் முதுகலை ஆய்வேடாக எழுதச் சொல்லிவிட்டார்.

விதிகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு. முதல் நான்கும் மதிப்பெண் பற்றியவை: வயது, வேறு நோய், சம்பள வேலை, அவரை நம்பி இருப்பவர்கள். மனுக்களிலிருந்து பெயர், இனம், முகவரி மூன்றையும் நீங்கள் நீக்கி, எண் மட்டும் போட்டு எனக்கு அனுப்ப வேண்டும். மதிப்பெண் நான் போடுவேன். ஏழாயிரம் மைல் தாண்டி வந்து யாரும் என் கதவைத் தட்ட மாட்டார்கள்.

ஐந்தாவது, இடம் கிடைக்காதவருக்கு நான் எழுதும் காரணத்தை ஒளிக்காமல் படித்துக் காட்ட வேண்டும். ஆறாவதுதான் முக்கியம். ஒருவருக்காக அவருடைய உறவினர் பரிந்து பேசினால், அந்த எண் அன்றே வரிசையின் அடிக்குப் போக வேண்டும். பேசியது சங்கத் தலைவரானாலும் சரி, நீங்களானாலும் சரி. ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் மறுநாள் மச்சான்கள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள்.

குழு இதை ஏற்றதா என்று உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
கதிர்


டத்தோ கிராமாட், பினாங்கு
19 பிப்ரவரி 1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு ஞானம் எழுதுவது.

ஃபெரிப் படகில் தீவுக்கு வரும்போது மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். இருமல் அதனால்தான் விடாமல் இருக்கிறது. என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல முடியாது.

கால் வீக்கம் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று நேற்று டாக்டர் சொன்னார். அங்கே இயந்திரத்தில் இடமில்லை. கட்டில் காலியாகிறபோது வயிற்றில் குழாய் வைத்து நீரை எடுப்பார்களாம். தனியாரிடம் போனால் இந்த வீட்டை விற்றாலும் ஒரு வருஷம் தாங்காது. ஆகவே உங்கள் சங்கத்தில் மனு கொடுத்துவிட்டேன். நர்ஸ் நோர்மாதான் எழுதினாள். வேலை என்று கேட்டாள், இல்லை என்றேன். உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு தம்பி, இங்கிலாந்தில் படிக்கிறான் என்றேன். “அவர் பெரிய ஆள் ஆயிட்டாரு லா, காக்,” என்று மலாயில் அக்கா என்றழைத்துச் சிரித்துவிட்டு, இல்லை என்று எழுதினாள்.

தம்பிக்கு இது தெரிய வேண்டாம். படிக்கப் போன பிள்ளைக்கு நோய்ச் செய்தி எழுதும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. சித்தி இறந்ததைச் சிங்கப்பூரில் இருந்த உங்கள் மகளுக்குப் பரீட்சை முடிந்த பிறகுதானே சொன்னோம்? மனுவில் பெயரை நீக்குவது அவன் போட்ட சட்டம் என்று சொன்னீர்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஞானாம்பிகை


டத்தோ கிராமாட்
9 மார்ச் 1986

என் அன்புத் தம்பி கதிருக்கு,

சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டின் மீனையே தின்றுகொண்டிருக்காதே. இங்கே எல்லாரும் இருக்கிறோம். சித்தப்பா சங்கம் சங்கம் என்று ஃபெரியிலேயே குடியிருக்கிறார். அடுத்த வீட்டு வள்ளியம்மா தினமும் வந்து பேசிவிட்டுப் போகிறாள்.

உன் விதிகளை நான்கு மொழிகளில் அச்சடித்துச் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே உன் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வள்ளியம்மா, “நம்ம கதிரா, கோழி அறுத்தா ஓடி ஒளியற பையன்?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். சம்பள வேலை இல்லை, ஆனால் வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட ஒருத்தி என்றால் உன் கணக்கில் அவளுக்கு என்ன மதிப்பெண்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று எழுது.

உன் அக்கா


இங்கிலாந்து
24 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

மிளகாய்த்தூள் வந்தது. பக்கத்து அறை வெள்ளைக்காரன் ஒரு கரண்டி போட்டுவிட்டு அன்று முழுவதும் தண்ணீர்க் குழாயடியில் இருந்தான். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குக் காய்ச்சல் வந்துகூட நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்டதைப் பேராசிரியரும் கேட்டார். பதில்: பூஜ்யம். வீட்டு வேலைக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை, அதைச் சரிபார்க்க வழியில்லை. அதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பினாங்கில் ஒவ்வொருத்தரும் பத்துப் பேருக்குச் சமைப்பதாகச் சொல்வார்கள். ஆளாகிவிட்ட பிள்ளைகளும் கணக்கில் வர மாட்டார்கள். செய்து முடித்ததற்கு இயந்திரம் கொடுக்க முடியாது அக்கா. இனி செய்யப் போவதற்குத்தான்.

மனுக்கள் போன வாரம் வந்தன. அறுபத்தொன்று. எண்களாகப் பார்க்கும்போது மனம் தெளிவாக இருக்கிறது. மே மாதம் முடிவை அனுப்பிவிடுவேன்.

உங்கள் தம்பி
கதிர்


இங்கிலாந்து
2 மே 1986

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்களுக்கு இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். முடிவுகளை இதனுடன் வைத்திருக்கிறேன். இருபது பேருக்கு இடம். மற்ற ஒவ்வொருவருக்கும் நான் எழுதிய காரணத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். மென்று விழுங்க வேண்டாம்.

கடைசி இடத்துக்கு மட்டும் இரண்டு பேர் மிக நெருக்கமாக வந்தார்கள். நாற்பத்திரண்டாம் எண், மூன்று பிள்ளைகள் உள்ள ஃபெரித் தொழிலாளி. பதினேழாம் எண்ணுக்கு வேறு நோய் எதுவும் இல்லை, உடம்பு இயந்திரத்தை நன்றாகத் தாங்கும். ஆனாலும் நாற்பத்திரண்டுக்குத்தான் கொடுத்தேன். பதினேழுக்கு எழுதிய காரணம் இது:

“நாற்பது தாண்டிய பெண். மணமாகவில்லை. சம்பள வேலை இல்லை. இன்னொருவர் வருமானத்தில் வாழ்கிறார். இவரை நம்பி யாரும் இல்லை. இவர் போனால் யாருடைய அடுப்பும் அணையாது.”

கடைசி வரி சற்றுக் கடுமைதான். ஆனால் படிப்பவருக்கு முறை உடனே விளங்கிவிடும் என்று பேராசிரியர் அதைப் பாராட்டினார். காத்திருப்போர் வரிசையில் பதினேழு முதலாவது. யாராவது ஒருவர் இடத்தை விட்டால் அவருக்குப் போகும்.

அக்காவிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

கதிர்


டத்தோ கிராமாட்
20 மே 1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அன்று நீங்கள் சாப்பிடாமல் ஃபெரிக்குப் போய்விட்டீர்கள். இருமலோடு வெறும் வயிறும் சேர்ந்தால் என்னாவது?

நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனப்பாடமாகச் சொன்னீர்கள். நான்தான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் சிரித்ததும் நோர்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேறொன்றும் இல்லை. அவனுக்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. அடுப்பை வைத்து அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறானே என்று நினைத்தேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப் பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது, விட்டுவிட்டேன். அதையெல்லாம் மனுவில் எழுதியிருக்க வேண்டும் என்று வாசலில் நின்று சொன்னீர்கள். எழுதினால் மட்டும்? செய்து முடித்ததற்கு இயந்திரம் கிடையாதாம். எனக்கே எழுதியிருக்கிறான்.

அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றீர்கள். வேண்டாம். ஆய்வேட்டை முடிக்கட்டும். நான் வரிசையில் முதல் ஆள்தானே? வெளியே காத்திருந்து எனக்குப் பழக்கம் உண்டு. அவன் பள்ளிக்கூட வாசலில் நான் நின்ற நேரத்தைச் சேர்த்தாலே போதும்.

கை வீங்கிவிட்டது. அடுத்த கடிதத்தை வள்ளியம்மாவை எழுதச் சொல்ல வேண்டும்.

ஞானம்


இங்கிலாந்து
14 ஜூன் 1986

அன்புள்ள அக்கா,

ஒருவழியாகக் கடிதம் வந்தது, அதுவும் வள்ளியம்மாவின் கோழிக்கிறுக்கலில். சொந்தக் கையால் நான்கு வரி எழுத அவ்வளவு சோம்பலா? கொழுத்துப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் கருத்தரங்கில் என் ஆய்வைப் படித்தேன். பதினேழாம் எண்ணைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தேன். அடுப்பு வரியை மொழிபெயர்த்ததும் அரங்கமே சிரித்தது. நைஜீரியாவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஒருவர் மட்டும், அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் முறையின் பலம் என்றேன். அப்படி ஒரு பெண் எல்லார் வீட்டிலும் இருப்பாளே என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 28 விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள்.

கதிர்


பெரியாஸ்பத்திரி, பினாங்கு
4 ஜூலை 1986

கதிர்காமநாதனுக்கு,

ஞானாம்பிகை செவ்வாய்க்கிழமை காலை மூச்சுத் திணறலோடு இங்கே சேர்க்கப்பட்டாள். நுரையீரலில் நீர். ஆதாரம் நானே, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது தூங்குகிறாள்.

பதினேழாம் எண் அவள்தான். பிப்ரவரியிலிருந்தே எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் வாக்கு வாங்கியிருந்தாள். தலைவரிடம் சொல்லியிருந்தால் நீ விலக வேண்டியிருக்கும், முறை முழுவதும் சரிந்து மறுபடியும் மச்சான்கள் வந்திருப்பார்கள். என் பழைய கடிதங்களை எடுத்துப் பார். அவள் நலம் என்று நான் எழுதியதில்லை. நலம் என்று சொன்னாள் என்றுதான் எழுதினேன்.

கருத்தரங்கு பற்றிய உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்தேன். கொண்டுவர வேண்டியது எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னாள்.

அடுத்த வாரம் மீண்டும் எழுதுவேன். டாக்டரைத் திங்களன்று பார்க்கிறேன்.

சித்தப்பா


பாகான் டாலாம்
11 ஜூலை 1986

கதிர்காமநாதனுக்கு,

ஃபெரித் தொழிலாளி யூசுப்புக்கு அவர் தம்பியின் சிறுநீரகம் பொருந்திவிட்டது. நோர்மா இன்று உறுதி செய்தாள். கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை. அவருடைய இயந்திர இடம் காலியாகிறது.

குழு 22ஆம் தேதி கூடுகிறது. வரிசையில் முதலாவது ஞானம். வேறு பேச்சுக்கே இடமில்லை, இடம் அவளுக்குத்தான். நுரையீரல் நீர் வடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். இயந்திரத்தில் ஏறினால் இன்னும் பல வருடம் இருப்பாள் என்று டாக்டரே சொன்னார்.

நீ எதுவும் செய்யாதே. யாருக்கும் எழுதாதே. இந்தக் கடிதம் உனக்கு ஒரு வாரத்தில் கிடைக்கும்.

சித்தப்பா


தந்தி
சங்கத் தலைவருக்கு, பினாங்கு
14 ஜூலை 1986

எண் பதினேழு என் அக்கா. என்னை வளர்த்தவர். நான் போட்ட மதிப்பெண் தவறு. கருணை கூர்ந்து அவருக்கு உடனே இடம் கொடுங்கள். கதிர்காமநாதன்.


பாகான் டாலாம்
24 ஜூலை 1986

கதிர்காமநாதனுக்கு,

யூசுப்பின் இடம் சலேஹாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆதாரம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் குறிப்பு, எழுதியவன் நான். சலேஹா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், இரண்டு பிள்ளைகள். சர்க்கரை நோய் இருந்ததால் ஞானத்துக்கு அடுத்ததாக நின்றாள்.

உன் தந்தி 15ஆம் தேதி வந்தது. என் 11ஆம் தேதிக் கடிதம் அப்போது உன் கைக்கு வந்திருக்காது. தலைவர் தந்தியை என்னிடம் தனியாகக் காட்டி, “கிழிச்சிப் போட்டுடுங்க, யாரும் பாக்கல,” என்றார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. நான் கிழிக்கவில்லை. கூட்டத்தில் வாசித்தேன்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு எதிரே காமாரியா உட்கார்ந்திருந்தார். மே மாதம் அவர் தன் தங்கை மகனுக்காக ஒரு வார்த்தை பேசினார். ஆறாவது விதிப்படி அந்தப் பையனை நான்தான் அடியில் எழுதினேன். ஜூனில் அவனைப் புதைத்தார்கள். தந்தியை வாசித்து முடித்தேன். காமாரியா, “சுவரில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், செயலாளர்,” என்றார். படித்தேன். கீழே உன் பெயர் வரை படிக்கச் சொன்னார். அதையும் படித்துவிட்டு, பதினேழை அடியில் எழுதினேன்.

உன் சிறுநீரகத்தைத் தருவதாக எழுதிய கடிதம் நேற்று வந்தது. உன் இரத்தம் பி வகை, அவளுடையது ஓ. உன் அரசாங்க வேலைக்கான மருத்துவச் சான்றிலிருந்து பார்த்தேன். பொருந்தாது என்று டாக்டரும் உறுதி செய்தார்.

ஞானத்திடம் நேரில் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை கண்ணாடியோடுதான் வாசித்தேன். கேட்டுவிட்டு, “கடைசியில எனக்காக ஒரு வார்த்தை பேசிட்டான், பாருங்க,” என்றாள். பிறகு, தந்தியில் என்னை வளர்த்தவர் என்று உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தாளை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். உன் விதியில் குற்றமில்லை என்று எழுதச் சொன்னாள். அதை அவள் சொன்னாள் என்று மட்டும்தான் நான் எழுதுகிறேன்.

இனி வர வேண்டியவை. மேலும் இரண்டு இயந்திரங்கள் நவம்பர் நடுவில் இறங்கும் என்று சுங்க நண்பர் சொல்கிறார். எட்டுப் பேருக்கு இடம் கிடைக்கும். வரிசையில் ஞானத்துக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். வரிசை வேகமாகக் குறைகிறது என்று நோர்மா சொன்னாள்; அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். உன் விதிகளை மற்ற மாநிலங்களுக்கும் அனுப்ப அச்சிடப் போகிறார்கள். உன் கையெழுத்து செப்டம்பர் 15க்குள் வேண்டும். உன் விமானம் செப்டம்பர் 28.

உன் பரீட்சை முடிவு எப்போது என்று ஞானம் கேட்டாள். அக்டோபர் கடைசி என்றேன். “அதுவரைக்கும் இருப்பேன் லா, சித்தப்பா,” என்றாள். டாக்டரிடம் கேட்டேன், அவர் அக்டோபரைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். ஆகவே அந்தச் செய்திக்கு ஆதாரம் இப்போதைக்கு அவள் ஒருத்திதான்.

விநாசித்தம்பி